மாமியின் தூதுவளையும் மகனின் பம்பும்

கேள்வி கேட்ட தங்கச்சி யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறார். ஏழு வயது மகனுக்கு மூன்று வருடமாகத் தொய்வு (ஆஸ்துமா). மாரி தொடங்கினால் இரவில் இருமல், விடியப்புறம் மூச்சு முட்டு. குழந்தை மருத்துவர் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருக்கிறார்: ஒன்று நாள்தோறும் இழுக்க, மற்றது முட்டு வரும் நேரத்துக்கு. பம்ப் பழகினால் பிறகு விடவே முடியாது, தூதுவளை கொடுத்தால் தொய்வு வேரோடு போய்விடும் என்பது மாமியின் வாதம். சொன்னதோடு நிற்காமல், பின்வளவில் படர்ந்திருக்கும் ஒரு முட்கொடியையும் காட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் உண்டு. தூதுவளை தொய்வை மாற்றுமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்தில் இருப்பது இந்த இரண்டு கேள்விகள்தான். எனக்குக் கேட்பவை வேறு இரண்டு. பம்பை நிறுத்தலாமா? நிறுத்தாவிட்டால் மாமிக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பை நிறுத்த வேண்டாம். தூதுவளையைச் சாப்பாடாகக் கொடுக்கலாம், நல்லது. ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்தவன். உள்ளூராட்சி சபைகளின் இலவச மருந்தகங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றேன். மூலிகைதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் இந்தப் பதிலை மூலிகைக்கு எதிரான பேச்சாக எடுக்க வேண்டாம். அதேவேளை நான் குழந்தை மருத்துவன் அல்லன். உங்கள் மகனின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர் வேறொருவர். பம்பின் அளவை கூட்டுவதோ குறைப்பதோ அவருடைய வேலை.

முதலில், அந்தக் கொடி தூதுவளைதானா? முள் உள்ளதெல்லாம் தூதுவளை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முதியவர், ஒரு மாதமாகத் தூதுவளைச் சாறு குடிக்கிறேன், இருமல் குறைந்திருக்கிறது என்றார். நானும் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை வரும்போது எனக்கென்று ஒரு பை நிறையப் பிடுங்கி வந்திருந்தார். பைக்குள் இருந்தது கண்டங்கத்தரி. அதுவும் எங்கள் முறையில் இருமல் மருந்துதான், அவருக்குக் கெடுதி ஒன்றும் நடக்கவில்லை. செடியைக் கண்ணால் பார்க்காமல் குறிப்பு எழுதிய வெட்கம்தான் எனக்கு மிச்சம். அன்றிலிருந்து, கொப்போடு கொண்டுவாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன்.

தூதுவளை கத்தரிக் குடும்பம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். ஊமத்தையும் அதே குடும்பம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் காசு கொடுத்த புகையிலையும் அதே குடும்பம். நெஞ்சைக் கெடுப்பதும் நெஞ்சுக்கு நல்லது என்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உறவைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னேன். தூதுவளையின் இலை சிறியது, விளிம்பு வளைந்து மூன்று அல்லது ஐந்து மடலாக இருக்கும். தாவரங்களுக்குப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த ‘ட்ரைலோபேட்டம்’ என்ற பெயருக்கும் மூன்று மடல் என்றுதான் பொருள். முள் குட்டையானது, கொக்கிபோலப் பின்பக்கம் வளைந்தது. தண்டில் இருக்கும், காம்பில் இருக்கும், இலையைத் திருப்பினால் நடு நரம்பிலும் இருக்கும். அந்தக் கொக்கிகளால்தான் கொடி வேலியைப் பிடித்து ஏறுகிறது. பூ ஊதா, நடுவில் மஞ்சள். காய் பச்சை, பழுத்தால் நல்ல சிவப்பு. கண்டங்கத்தரி தரையோடு கிடந்து படரும், அதன் முள் ஊசிபோல நேராக, மஞ்சளாக, நீளமாக இருக்கும், பழம் மஞ்சள். சுண்டை நிமிர்ந்து நிற்கும், பூ வெள்ளை. பூவோ பழமோ இல்லாத கொடியை வைத்து முடிவு செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அதுவரைக்கும் தேவை என்றால் உங்கள் அயலில் உள்ள திருநெல்வேலிச் சந்தையில் இலைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் இருப்பவர்கள் சிங்களத்தில் ‘வெல் திப்பட்டு’ என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. கொடி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டமோ புகையிலைத் தோட்டமோ இருந்தால் அதைத் தொட வேண்டாம். நாங்கள் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வேலியோடு நின்றுவிடுவதில்லை.

இனி மாமியின் நம்பிக்கை. அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நான் மாணவன். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தட்டுப்பாடு. மருந்தும் போதியளவு வருவதில்லை. அப்போது எங்கள் மருந்துக்கடை கதியால் வேலிதான். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற வேலிகளில் தூதுவளையும் முசுட்டையும் முடக்கொத்தானும் தாமாகப் படர்ந்து கிடந்தன. பிள்ளைக்கு இழுத்தால் தாய்மார் விளக்கை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினார்கள், ஏனென்றால் ஓடுவதற்கு வேறு இடம் இல்லை. நாங்களும் தூதுவளைக் கசாயம் கொடுத்தோம், ஆடாதோடை கொடுத்தோம், முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை இருந்தோம். பல பிள்ளைகளுக்கு விடிந்தது. எல்லோருக்கும் விடியவில்லை. விடிந்த பிள்ளைகளின் தாய்மார்தான் இன்று மாமிமார். அவர்கள் சொல்வது பொய் அல்ல, கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். விடியாத வீடுகளில் தூதுவளையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

அந்த அனுபவத்தில் ஒரு கணக்குப் பிழையும் உண்டு. தடிமனோடு வரும் இருமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாகப் போய்விடும். சிறுவயதில் இழுக்கும் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர இழுப்பு குறைந்துவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கும். வேரோடு போனது என்ற சொல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களும் இந்தப் பெயரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள், நான் உட்பட.

சரி, தூதுவளையில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இதில் எனக்குப் பிடித்தது, ஏனெனில் அது எங்களுக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் ஒளிக்காமல் சொல்கிறது. லேசான, நடுத்தரத் தொய்வு உள்ளவர்களுக்குத் தூதுவளை முழுச் செடியின் தூள் 300 மில்லிகிராம் ஒருமுறை கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மூச்சின் அளவைக் கருவியில் பார்த்தார்கள். கண்டங்கத்தரியையும் அப்படியே பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு முன்னையதைவிட நன்றாக வந்தது. ஆனால் ஒப்பீட்டுக்குக் கொடுத்த 4 மில்லிகிராம் சல்பியூட்டமோல் மாத்திரை அளவுக்கு இல்லை, டெரிபிலின் என்ற இன்னொரு தொய்வு மருந்தின் அளவுக்கும் இல்லை. சுகம் தெரியத் தொடங்கியது ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து.

இந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வையுங்கள். முட்டு வந்த பிள்ளைக்கு நீல நிறப் பம்ப் சில நிமிடங்களில் வேலை செய்யும். அதுவும் சல்பியூட்டமோல்தான், மாத்திரையாக வயிற்றைச் சுற்றாமல் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் காத்திரு என்று சொல்ல முடியாது.

அடுத்தது, தொய்வு என்பது இரண்டு காரியம். மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுவது ஒன்று. குழாயின் உட்புறம் வீங்கிச் சளி கோப்பது மற்றது. நீலப் பம்ப் இறுக்கத்தைத் தளர்த்தும். நாள்தோறும் இழுக்கச் சொன்ன பம்ப், பெரும்பாலும் கபில நிறமாக இருக்கும், வீக்கத்தை அடக்கி வைக்கும். பிள்ளை சுகமாக இருக்கும் நாளிலும் அதை இழுக்கச் சொல்வது இதற்காகத்தான். மேலே சொன்ன ஆய்வு தூதுவளை ஒருவேளை தசையைக் கொஞ்சம் தளர்த்தும் என்று காட்டுகிறது. ஒரு வேளைத் தூளைக் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்த்த ஆய்விலிருந்து, மாதக்கணக்கில் வீக்கத்தை அடக்குமா என்பதற்குப் பதில் எடுக்க முடியாது. அதுவும் உலர்த்தி இடித்த முழுச் செடித் தூள்; உங்கள் வீட்டுச் சம்பல் அல்ல. ஆகவே சளிக்கும் லேசான இருமலுக்கும் இதமாக இருக்கும் என்பதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொள்வேன். மூச்சைக் கொஞ்சம் திறக்கும் என்பதற்கு மெல்லிய ஆதாரம் உண்டு. தொய்வை வேரறுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இனி நினைவாற்றல், புற்றுநோய் என்று காணொளிகளில் சொல்வதெல்லாம் எலியிலும் ஆய்வுகூடத் தட்டிலும் பார்த்ததை மனிதருக்குத் தூக்கிப் போட்ட கதை.

வேலி மூலிகையிலிருந்து மருந்து வராது என்றும் சொல்லிவிடக் கூடாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்தைச் செய்தார்கள், 1960களிலேயே. இருமல் பாணிப் போத்தலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் வீட்டு வேலி நினைவுக்கு வரும். (ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தொட வேண்டாம், அது கருப்பையை இறுக்கக்கூடியது. இடையில் சொல்லி வைக்கிறேன்.)

பம்ப் பழகிவிடும் என்பது தவறான பயம். அது போதை அல்ல. நிறுத்தினால் முட்டு திரும்ப வருவது நோய் இன்னும் இருப்பதால். நாள்தோறும் இழுக்கும் பம்புக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் வரலாம். சின்னப் பிள்ளைகள் ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் குழாய்) இல்லாமல் இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். பம்ப் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலர் இழுக்கத் தெரியாமல் இழுத்தவர்கள்தான்.

தொய்வுப் பிள்ளையோடு வரும் தாயிடம் நான் முதலில் கேட்பது மூலிகை பற்றியதல்ல. பிள்ளை படுக்கும் அறையில் நுளம்புத்திரி எரிகிறதா என்று கேட்பேன். பாதிப் பேர் ஆம் என்பார்கள். அதை எடுத்துவிட்டு நுளம்பு வலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், குசினிக்குள் விறகுப் புகையும், வளவில் குப்பை கொளுத்துவதும் அப்படியே. தூதுவளை கொடுத்துக்கொண்டு புகையும் கொடுத்தால் எது வெல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி சமையல், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கைப்பிடி இலை போதும். முள்ளை எடுப்பதில்தான் வேலை முழுதும் இருக்கிறது. இலையைத் திருப்பிப் பிடித்து நடு நரம்பில் உள்ள முட்களைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள், காம்பை எறிந்துவிடுங்கள். என் அம்மம்மா விரல் நகத்தாலேயே செய்வார், கை முழுக்கக் கீறல் இருக்கும். முள்ளோடு அரைத்தால் தொண்டையில் குத்தி, இருமல் மருந்தே இருமலைக் கொடுக்கும். பிறகு தாச்சியில் கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, இலை சுருண்டு நிறம் கறுக்கும்வரை வதக்குங்கள். மிஞ்சிய முள்ளும் மிருதுவாகிவிடும், கைப்பும் அடங்கும். அதோடு தேங்காய்ப்பூ, இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பல் உள்ளி, நாலு மிளகு, உப்பு வைத்து அம்மியில் அரைத்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் சம்பல். பெரியவர்களுக்குச் செத்தல் மிளகாய் சேருங்கள், பிள்ளைக்கு வேண்டாம். மிக்சியிலும் அரைக்கலாம், ஆனால் தண்ணீர் விட்டுக் கூழாக்கிவிடாதீர்கள்.

சம்பல் பிடிக்காத பிள்ளைக்கு ரசம். பழப்புளியை அளவாகக் கரைத்து, மிளகு, நற்சீரகம், உள்ளி தட்டிப் போட்டு, வதக்கிய இலையை அரைத்துச் சேர்த்து ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். அதிகம் கொதித்தால் கைக்கும். மாரிக்கு எனக்குப் பிடித்தது இலைக்கஞ்சிதான்: சிவப்புப் பச்சையரிசியை உள்ளியோடு குழைய அவித்து, தூதுவளை, முசுட்டை, முல்லை, வல்லாரை என்று கிடைத்ததை அரைத்த சாறும் தேங்காய்ப்பாலும் விட்டு, மிளகு சீரகம் போட்டு இறக்குவது. கிடைக்காத இலையைத் தேடி ஓட வேண்டாம். இலைக்கஞ்சிக்கு ஒரு பட்டியல்தான் சரி என்று சண்டை பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அது மாறும். தடிமன் நேரத்தில் வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த தண்ணீரோடு இந்தக் கஞ்சியும் இருந்தால் பிள்ளைக்குச் சாப்பாடும் இறங்கும், தொண்டையும் சுகப்படும்.

எவ்வளவு என்று கேட்டீர்கள். சாப்பாடாக, கிழமைக்கு இரண்டு மூன்று நாள், மற்றவர்கள் சாப்பிடும் அதே கறியில் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி இரண்டு தேக்கரண்டி. முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்து, வாய் அரிக்கிறதா, வயிறு குழம்புகிறதா என்று பாருங்கள். அப்படி ஏதும் வந்தால் விட்டுவிடுங்கள். பச்சைச் சாறு பிழிந்து அவுன்ஸ் கணக்கில் பருக்குவதை நான் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். இது கத்தரிக் குடும்பம், சோலசோடைன் போன்ற அல்கலாயிட்டுகள் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் இதில் இருக்கின்றன. கறி அளவில் பயமில்லை, சாற்றின் அளவுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். காயையும் பழத்தையும் பிள்ளைகள் பிடுங்கித் தின்னவிட வேண்டாம். சிவப்பு நிறம் அவர்களை இழுக்கும். மாமி தேனில் குழைத்துக் கொடுக்க விரும்பினால் மூத்தவனுக்குக் கொடுக்கலாம், எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் நக்கக்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனால் பொட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம்.

பெயர் இல்லாத பொதியில் வரும் தொய்வுத் தூளை யாராவது தந்தால் வாங்காதீர்கள். மூலிகை மட்டும் என்று சொல்லி விற்ற தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் முட்டு பறந்துவிட்டது என்றால் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போகும். கபிலப் பம்பில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், ஆனால் அது மைக்ரோகிராம் கணக்கில், நேரே நெஞ்சுக்கு. தூளில் கலந்தது எவ்வளவு என்று விற்றவருக்கே தெரியாது.

மகன் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறினாலோ, மூச்செடுக்கும்போது விலாவுக்கு இடையில் உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீலப் பம்ப் கொடுத்தும் அடங்காவிட்டாலோ, அப்போது தூதுவளையும் வேண்டாம், என்னைப் போன்றவர்களும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை ஸ்பேசரில் நீலப் பம்பை, மருத்துவர் சொல்லித் தந்த கணக்கில் கொடுத்துக்கொண்டிருங்கள். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள், மாமியும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில்.

மாமியிடம் பம்பைப் பற்றி வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். தூதுவளையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எப்படி வதக்குவது, முல்லை சேர்ப்பதா முசுட்டை சேர்ப்பதா என்று அவரைக் கேளுங்கள். என் மருந்தகத்தில் பல குடும்பங்களுக்கு இந்த வழி சரிவந்தது: கஞ்சி மாமியின் பொறுப்பு, பம்ப் தாயின் பொறுப்பு, ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

பின்வளவுக் கொடி தூதுவளைதான் என்று உறுதியானால், ஐப்பசி மழை விழுந்ததும் முற்றிய தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, கிணற்றடிப் பக்கமாக நட்டுவிடுங்கள். விதையிலும் முளைக்கும், தண்டு சுறுக்காகப் பிடிக்கும். மதில் கட்டிய வீடு என்றால் ஏறுவதற்கு ஒரு கிளுவைக் கதியாலையும் பக்கத்தில் ஊன்றி வையுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் பாதையில் மட்டும் நட வேண்டாம், அந்தக் கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் விடாது.